வானத்துப் பன்னிரு வீடுகள் – 3: சாவா மூவா ஆடு

சென்ற வாரம் 'இராசி' என்ற சொல்லோடு நின்றோம். வடமொழியில் அதற்குக் குவியல் என்று பொருள். களத்து நெல்லைக் குவிப்பதுபோல வான்பாதையைப் பன்னிரண்டு குவியலாகப் பிரித்தார்கள். அதே சொல் நம் பேச்சில் 'ராசியான கை' என்று அதிர்ஷ்டத்துக்கும் ஆகிவந்தது. இந்த வாரம் முதல் குவியல், மேஷம். ஏடுகளைப் புரட்டுவதற்கு முன்னால் உசிலம்பட்டிக்கு மேற்கே ஒரு வயலுக்குப் போய்வந்தேன்.

பங்குனிக் கடைசி. அறுவடை முடிந்து தாள் மட்டும் நின்ற வயலில் செம்மறிக் கிடை போட்டிருந்தார்கள். ராத்திரி முழுக்க ஆடுகள் அங்கேயே படுத்தால் புழுக்கையும் மூத்திரமும் அடுத்த வெள்ளாமைக்கு உரம். கிடைக்காரருக்கு எழுபது வயதிருக்கும். ஒரு கிடாயைக் கொம்பைப் பிடித்து இழுத்தார். இரண்டு காலுக்கும் நடுவே இடுக்கிக்கொண்டு, கட்டைவிரலால் கீழுதட்டைத் தள்ளிக் காட்டினார். பொடிப்பொடியான பால்பற்களுக்கு நடுவே அகலமாக இரண்டு புதுப்பற்கள்.

"ரெண்டு பல்லு. வயசு ஒண்ணரை இருக்கும். அப்புறம் நாலு பல்லு, ஆறு பல்லு. எட்டும் மொளச்சுட்டா கடை சேந்துருச்சும்போம். அதுக்கு மேல பல்லு தேயும், கிழடுதான்."

"மொத்தம் எத்தனை உருப்படிங்கய்யா?"

"போன சித்திரையில எத்தனையோ அத்தனைதான் தம்பி. ஆனா அந்த ஆடுக இதுல பாதிகூட இல்ல. வித்தது, செத்தது, கோயிலுக்குப் போனதுன்னு கழிஞ்சுருச்சு. குட்டிக வந்து எடத்த நெறச்சுருச்சு."

ஆயிரம் ஆண்டுக்கு முன் கோயில் சுவர்களில் வெட்டிவைத்த ஒப்பந்தங்களின் சாரத்தை மனிதர் மூச்சு வாங்காமல் சொல்லிவிட்டார்.

கல்வெட்டுக் கணக்கு

சோழர், பாண்டியர் காலத்தில் கோயிலில் அணையாத நந்தா விளக்கு எரிக்க ஆடு கொடுப்பது பெரிய தர்மம். சோழர் கல்வெட்டுகளில் ஒரு விளக்குக்கு 96 ஆடு என்பது பரவலான கணக்கு. 90 என்றும் உண்டு. ஆட்டை ஏற்றுக்கொண்ட மன்றாடி, அதாவது இடையர், நாள்தோறும் ஓர் உழக்கு நெய் அளக்க வேண்டும். சந்திர சூரியர் உள்ளவரை விளக்கு எரிய வேண்டுமென்றால் ஆடும் சந்திர சூரியர் உள்ளவரை இருக்க வேண்டுமே? அதற்காகக் கல்வெட்டு எழுதியவர்கள் அந்த ஆட்டுக்குத் தந்த பேர், 'சாவா மூவாப் பேராடு'. சாகாத ஆடு, மூப்படையாத ஆடு.

இதில் தெய்வ அற்புதம் எதுவும் இல்லை. ஈன்ற குட்டியைக் கொண்டு செத்த ஆட்டை ஈடுகட்ட வேண்டும். எண்ணிக்கை குறையக் கூடாது. அவ்வளவுதான் அதன் பொருள். ஒவ்வோர் ஆடும் சாகும், மந்தை சாகாது.

மேஷம் என்ற பேரின் வரலாற்றையும் இந்தக் கணக்கில்தான் வாசிக்க வேண்டும் என்பது என் கட்சி. இரண்டாயிரத்து ஐந்நூறு ஆண்டாக வான்பாதையின் முதல் வீட்டில் ஓர் ஆடு நிற்கிறது. அது ஒரே ஆடு அல்ல. ஒவ்வொரு மொழிக்காரனும் தன் பட்டியிலிருந்து ஓர் உருப்படியை ஓட்டிவந்து அந்த இடத்தை நிரப்பியிருக்கிறான்.

மதுரைக்காரர்கள் பார்த்த இரண்டு ஆடுகள்

நம் பட்டியிலிருந்து தொடங்குவோம். பத்துப்பாட்டில் ஒன்றான நெடுநல்வாடை, மதுரைக் கணக்காயனார் மகனார் நக்கீரர் பாடியது, 188 அடி. தலையாலங்கானத்துச் செருவென்ற பாண்டியன் நெடுஞ்செழியன் பாசறையில் இருக்கிறான். அரசி அரண்மனையில் தனியே படுத்திருக்கிறாள். குளிர்காலம், வாடை வீசுகிறது. அவள் கட்டிலுக்கு மேலே மெழுகு பூசிய துணியில் ஒரு விதானம். அதில் புதிதாகத் தீட்டிய வானம். திண்ணிய கொம்புள்ள ஆட்டை முதலாகக் கொண்டு ஞாயிறு சுற்றிவரும் வீடுகளும், நிலவும், நிலவைப் பிரியாத உரோகிணியும் அந்தத் துணியில் இருக்கின்றன. உரோகிணிபோல நாமும் பிரியாமல் இருக்க முடியவில்லையே என்று அரசி பெருமூச்சு விடுகிறாள்.

வான்பாதை ஆட்டில்தான் தொடங்கும் என்பது மதுரையில் அன்றைக்கே படுக்கையறை ஓவியனுக்குத் தெரிந்த செய்தி. புலவர் கையாண்ட சொல்லும் வெறும் 'ஆடு'. மேஷமும் இல்லை, அதன் தமிழ் வடிவமான மேடமும் இல்லை. உரை எழுதிய நச்சினார்க்கினியர்தான் பின்னாளில் இது மேட இராசி என்று விளக்க வேண்டியிருந்தது.

இரண்டாவது ஆடு பரிபாடலில் நிற்கிறது. பதினோராம் பாடல், நல்லந்துவனார் இயற்றியது, பாடுபொருள் வையை. ஆற்றில் புதுவெள்ளம் வந்ததைச் சொல்லுமுன் புலவர் அண்ணாந்து பார்த்து, கோள்கள் எந்தெந்த வீட்டில் நின்றன என்று ஒரு கட்டமே போட்டுவிடுகிறார். வெள்ளி ஏற்றில், செவ்வாய் வருடையில், புதன் மிதுனத்தில், சனி வில்லுக்கு அடுத்த மகரத்தில் என்று போகிறது கணக்கு. பேர்களைக் கவனியுங்கள். ஏறு, வருடை, வில் தமிழ். மிதுனம், மகரம் வடமொழி. ஒரே பாட்டில் இரண்டும் கலந்து மேய்கின்றன. இரண்டு மரபும் மதுரையில் ஒன்றாகப் புழங்கிய காலத்தின் அடையாளம் அது.

காலக்கணிப்பு அறிஞர் எல்.டி. சுவாமிக்கண்ணுப் பிள்ளை இந்தக் கோள்நிலையைக் கணித்துப் பார்த்து, அது கி.பி. 634 ஜூன் 17-ஐக் குறிக்கிறது என்றார். அந்த நாளை ஏற்காதவர்கள் பலர். நாளை விட்டுவிடுவோம், நமக்கு வேண்டியது 'வருடை' என்ற சொல். வருடை என்பது பட்டியில் அடையும் ஆடு அல்ல, மலையாடு. தமிழ்நாட்டின் மாநில விலங்கான வரையாட்டின் இனம். மேற்குத் தொடர்ச்சி மலையின் செங்குத்துப் பாறையில் கால் பதிப்பது. வெள்ளம் எந்த மலையிலிருந்து இறங்கியதோ அந்த மலையின் ஆட்டையே வானத்திலும் ஏற்றினார் போலும் நல்லந்துவனார். செவ்வாய் அதில் இருந்தது என்றால் சொந்த வீட்டில் இருந்தது என்று பொருள். மேஷத்துக்கு அதிபதி செவ்வாய்தானே.

ஆட்டுக்கு முன்னால் ஒரு கூலியாள்

இந்த ஆடு முதன்முதலில் எந்தப் பட்டியிலிருந்து புறப்பட்டது? யூப்ரடீஸ், டைகிரிஸ் ஆறுகளுக்கு நடுவே, பாபிலோனில். அங்கே களிமண் பலகையில் எழுதிய வானநூல் ஒன்றுக்கு 'முல் அபின்' என்று பேர். 'ஏர் விண்மீன்' என்று அர்த்தம். நமக்குக் கிடைத்துள்ள பிரதிகளில் பழையவை கி.மு. 7ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தவை. நிலா நடக்கும் பாதையில் உள்ள விண்மீன் கூட்டங்களை அது வரிசையாகச் சொல்கிறது. வரிசை கார்த்திகைக் கூட்டத்தில் தொடங்குகிறது. கடைசியில் நிற்பவன் ஒரு மனிதன். அவன் பேர் 'கூலியாள்'.

பாபிலோனியர் பட்டியலில் கூலியாள் நின்ற அந்த இடம்தான் பிற்பாடு மேஷம் ஆயிற்று. மனிதன் ஆடானது எப்படி என்பதற்கு அறிஞர்கள் சொல்லும் விளக்கம் சுவையானது. சுமேரிய எழுத்தில் மனிதனைக் குறிக்கும் குறி ஒன்று. அதன் ஒலி 'லூ'. ஆட்டைக் குறிக்கும் குறி வேறு. ஆனால் அதையும் 'லூ' என்று வாசிக்கலாம். எழுத்தர் சுருக்கி எழுதும்போது ஒன்றுக்கு மற்றொன்று வந்து உட்கார்ந்திருக்கலாம். வேலைக்கு வந்த கூலியாளை எழுத்தாணி மந்தையில் சேர்த்துவிட்டது.

கி.மு. 5ஆம் நூற்றாண்டு வாக்கில் பாபிலோனியர் வான்பாதையை 30 பாகை கொண்ட 12 சமபாகங்களாக வெட்டினார்கள். விண்மீன் கூட்டங்கள் சிறிதும் பெரிதுமாக இருக்கலாம். பாகம் எல்லாம் ஒரே அளவு. வயலுக்கு வரப்புப் போட்ட மாதிரி. அந்த வரப்போடு சேர்ந்துதான் ஆடு மேற்கேயும் கிழக்கேயும் நடந்தது.

சொற்கள் மேய்ந்த பாதை

மேற்கே போன ஆட்டைக் கிரேக்கர் 'கிரியோஸ்' என்றார்கள். பொன்மயிர் போர்த்திய ஆட்டுக்கிடாயின் கதையை அதன் முதுகில் ஏற்றினார்கள். உரோமர் 'ஆரீஸ்' என்றார்கள். இரண்டுக்கும் செம்மறிக் கிடாய் என்றே பொருள். அரபு மொழிக்கு வந்ததும் வயது இறங்கிவிட்டது; 'அல் ஹமல்' என்றால் ஆட்டுக்குட்டி. அந்தக் கூட்டத்தின் மிகப் பிரகாசமான விண்மீனை உலக வானியலாளர்கள் இன்றைக்கும் 'ஹமல்' என்றுதான் அழைக்கிறார்கள்.

கிழக்கே வந்த கதையில் ஒரு திருப்பம் உண்டு. கி.பி. 6ஆம் நூற்றாண்டின் வானநூலார் வராகமிகிரர் தம் பிருகத் ஜாதகத்தில் இராசிகளுக்கு இன்னொரு வரிசைப் பேர்களும் தருகிறார். கிரியா, தாவுரி, ஜிதுமா, குளீரம், லேயா என்று அது போகும். கிரியோஸ்தான் கிரியா. தாவுரோஸ் தாவுரியாகவும், லியோன் லேயாவாகவும் வேடம் மாறின. கிரேக்க மந்தை அப்படியே வடமொழிப் பட்டிக்குள் நுழைந்திருக்கிறது. ஆனால் நிலைக்கவில்லை. இடத்தைப் பிடித்தது உள்ளூர்ச் சொல்லான 'மேஷ'.

அந்தச் சொல் இருக்கு வேதத்திலேயே உள்ளது. செம்மறிக் கிடாய் என்று பொருள். உறவுக்காரர்கள் நெடுந்தூரம் பரவியிருக்கிறார்கள். பாரசீகத்தில் 'மீஷ்' என்றால் பெண் செம்மறி. லித்துவேனிய மொழியில் 'மைஷாஸ்' என்றால் சாக்கு. ஆட்டுத்தோலில் பை தைத்தார்கள். ஆடு மறைந்து பை மட்டும் அங்கே மிஞ்சியது.

தமிழுக்கு வந்த மேஷம் நம் இலக்கணப்படி முடி வெட்டிக்கொண்டது. விஷம் விடமானது, பாஷை பாடையானது, ரிஷபம் இடபமானது. அதே கணக்கில் மேஷம் 'மேடம்' ஆனது. பழைய சோதிட நூல்களில் மேடம்தான் வழக்கு. இன்று அந்தப் பேரில் ராசிபலன் போட்டால் ஆபீஸ் மேடத்துக்கு இந்த வாரம் என்னவாம் என்று கேட்பார்கள். அந்த அச்சத்தாலோ என்னவோ, வாரப் பத்திரிகைகள் 'மேஷ ராசி நேயர்களே' என்றே விளிக்கின்றன.

இத்தனைக்கும் நம்மிடம் ஆட்டுப் பேருக்குப் பஞ்சம் இல்லை. 'யாடு' என்ற பழஞ்சொல், யானை ஆனையானதுபோல, 'ஆடு' ஆயிற்று. ஆண் ஆட்டுக்கு மட்டும் தொல்காப்பிய மரபியல் நான்கு பேர் சொல்கிறது: மோத்தை, தகர், உதள், அப்பர். சங்கப் பாடல்களில் வெள்ளாடு 'வெள்ளை', செம்மறி 'துருவை'. இன்றைக்கும் திருமங்கலம் வெள்ளிக்கிழமை ஆட்டுச் சந்தையில் போய் வெறுமனே 'ஆடு வேணும்' என்று கேட்டால் சிரிப்பார்கள். வெள்ளாடா, செம்மறியா? கிடாயா, பெட்டையா? கன்னி ஆடா, கொடி ஆடா? எத்தனை பல்லு? தரையில் இவ்வளவு கறார் பார்க்கும் நாம் வானத்து ஆட்டுக்கு மட்டும் பொதுப்பேர் போதும் என்று இருந்துவிட்டோம். சீனர்களும் நம்மைப் போலத்தான். வெள்ளாட்டுக்கும் செம்மறிக்கும் அங்கே ஒரே எழுத்து. மேஷத்துக்கு அவர்கள் சொல்லும் பேர் 'வெள்ளை ஆடு'.

கல்லில் ஏறியதும் கணவாய் தாண்டியதும்

பேச்சில் ஆடாக இருந்தாலும் கல்லில் ஏறியபோது அது மேஷமாகவே ஏறியது. சோழர், பிற்காலப் பாண்டியர் கல்வெட்டுகளில் நாள் குறிக்கும் பாணி ஒன்று உண்டு. 'மேஷ நாயற்று' என்று தொடங்கி, வளர்பிறையா தேய்பிறையா, என்ன திதி, என்ன கிழமை, என்ன விண்மீன் என்று அடுக்குவார்கள். நாயறு என்றால் ஞாயிறு. ஞாயிறு மேஷத்தில் நின்ற மாதம், அதாவது சித்திரை. தானம் கொடுத்தவருக்கு இது சடங்கு. பிற்காலத்து ஆய்வாளருக்கோ புதையல். ஜெர்மானிய அறிஞர் கீல்ஹார்ன் இப்படிப்பட்ட குறிப்புகளைக் கணித்துத்தான் சோழ, பாண்டிய மன்னர்கள் பலருடைய ஆட்சியாண்டுகளை நிலைநிறுத்தினார். ஆடு நின்ற இடத்தை வைத்து அரசன் இருந்த ஆண்டைப் பிடித்தார்கள்.

சரி, கல்வெட்டில் மேஷம் என்றவர்கள் மாதத்துக்குச் சித்திரை என்று பேர் வைத்தது ஏன்? ஞாயிறு மேஷத்தில் நிற்கும்போது முழுநிலா நேர் எதிரே சித்திரை விண்மீனை ஒட்டி எழும். தமிழர் நிலாவைப் பார்த்துப் பேர் வைத்தார்கள். மலையாளிகள் ஞாயிற்றைப் பார்த்து வைத்தார்கள். உசிலம்பட்டியில் பஸ் ஏறி ஆண்டிபட்டிக் கணவாய், தேனி, கம்பம் வழியாகக் குமுளி ஏறினால் ஏறக்குறைய 100 கிலோமீட்டர். இந்தப் பக்கம் சித்திரை. எல்லை தாண்டினால் அதே மாதம் 'மேடம்'. நாம் சோதிட ஏட்டோடு விட்டுவிட்ட தமிழ் வடிவத்தை அவர்கள் தினசரிக் காலண்டரில் வைத்திருக்கிறார்கள். மேடம் ஒன்று அவர்களுக்கு விஷு. சிங்களவருக்கும் ஞாயிறு மேஷத்தில் புகும் வேளையே புத்தாண்டு.

இன்னும் கிழக்கே போனால் தாய்லாந்தில் ஏப்ரல் மாதத்தின் பேரே 'மேசாயோன்'. 1889-இல் அங்கே புதுக் காலண்டர் வந்தபோது இளவரசர் தேவவோங் மாதங்களுக்கு இராசிப் பேர்களைச் சூட்டினார். 'மேஷ' அங்கே மேசா ஆயிற்று. மேற்கே ஆப்கானிஸ்தானின் சூரிய நாட்காட்டியில் முதல் மாதம் 'ஹமல்', அரபு ஆட்டுக்குட்டி. ஹமல் ஒன்று அவர்களுக்கு நவ்ரோஸ் புத்தாண்டு.

இங்கே ஒரு சிக்கல் தலைகாட்டுகிறது. நவ்ரோஸ் மார்ச் 20 அல்லது 21. நம் சித்திரை ஒன்று ஏப்ரல் 14. இரண்டு பேருமே ஞாயிறு ஆட்டில் நுழைந்துவிட்டது என்றுதான் சொல்கிறோம். மூன்று வாரத்துக்கு மேல் இடைவெளி வந்தது எப்படி?

உசில மரமும் முதல் வீடும்

பம்பரம் சுற்றும்போது அதன் தலை மெல்ல வட்டமிடும் அல்லவா? பூமியின் அச்சும் அப்படித்தான் ஆடுகிறது. அதனால் பகலும் இரவும் சமமாகும் புள்ளி, 72 ஆண்டுக்கு ஒரு பாகை வீதம் பின்னோக்கி நகர்கிறது. கி.மு. 2ஆம் நூற்றாண்டிலேயே கிரேக்க வானியலாளர் ஹிப்பார்க்கஸ் இதைக் கண்டுகொண்டார். மேலை நாட்டார் சமநாளையே மேஷத்தின் தொடக்கமாக வைத்துக்கொண்டார்கள். அந்தக் கணக்கே நவ்ரோசுக்கும். நம் பஞ்சாங்கக்காரர்கள் விண்மீன்களை விடாமல் பிடித்துக்கொண்டார்கள். கி.பி. 285 வாக்கில் இரண்டு தொடக்கமும் ஒன்றாக இருந்தன என்று கொண்டுதான் இன்றைய அரசுக் கணக்கு ஓடுகிறது. அதன் பிறகு வரப்பு நகர்ந்தது. இயற்பியலாளர் மேகநாத் சாஹா தலைமையில் 1952-இல் அமைந்த நாட்காட்டிச் சீர்திருத்தக் குழு, 1956 மார்ச் 21-இல் இடைவெளி 23 பாகை 15 கலை என்று வரையறுத்தது. இன்று அது 24-ஐத் தாண்டிவிட்டது.

உலக வானியலாளர்கள் சமநாள் புள்ளியை இன்றும் 'மேஷத்தின் முதற்புள்ளி' என்றே எழுதுகிறார்கள். அந்தப் புள்ளி இருப்பதோ மீன்களின் கூட்டத்தில். ஆடு போய்விட்டது, தொழுவத்துக்குப் பேர் நிற்கிறது.

நம் மேஷத்துக்குள் எட்டிப் பார்த்தாலும் இதே கதைதான். அசுவினி, பரணி, கார்த்திகையில் கால் பங்கு சேர்ந்தது மேஷம். அசுவினி குதிரைத் தலை, பரணி அடுப்பு, கார்த்திகை நெருப்பு. இவை இராசிக்கு முந்திய பழைய பேர்கள். அவற்றில் ஓர் ஆடுகூட இல்லை. குதிரையும் அடுப்பும் குடியிருந்த வீட்டுக்கு வந்த ஆடு, கதவில் தன் பேரை எழுதிக்கொண்டது.

இதில் வியக்க என்ன இருக்கிறது? உசிலம்பட்டிக்குப் பேர் தந்தது உசில மரம். அதன் இலையை உலர்த்தி இடித்தால் அரப்பு. எண்ணெய் தேய்த்துத் தலைமுழுக அதைக் கரைத்து வைப்பார்கள். ஊருக்குள் நுழைகிறவன் இன்று கடைகளைப் பார்க்கிறான், ரயிலடியைப் பார்க்கிறான். உசில மரம் எங்கே என்று தேடி அலைந்தால்தான் உண்டு. அதற்காக ஊர்ப்பேரை யாரும் மாற்றவில்லை.

வயலில் இருட்டத் தொடங்கியது. மேற்கே, கணவாய்ப் பக்கம், கார்த்திகைக் கூட்டம் கைப்பிடி அரிசியை இறைத்ததுபோல மினுங்கியது. அதற்குக் கீழே ஆடு இருக்க வேண்டிய இடத்தில் அந்தி வெளிச்சம்தான். சித்திரை நெருங்கும்போது ஞாயிறே அந்த வீட்டை நோக்கிப் போகிறது. ஆடு கண்ணுக்குத் தெரியாது. மேஷம் பிறக்கும் நாளில் மேஷத்தைப் பார்க்க முடியாது. பார்க்க வேண்டுமானால் மார்கழி முன்னிரவில் அண்ணாந்து பார்க்க வேண்டும், உச்சியில் நிற்கும்.

கிளம்பும்போது கேட்டேன். "அய்யாவுக்கு என்ன ராசி?"

கிடாயை மந்தைக்குள் தள்ளிவிட்டு, கையைத் துண்டில் துடைத்துக்கொண்டார். "சாதகமெல்லாம் எங்க அய்யா எழுதி வைக்கல தம்பி. நமக்கு ஆடுதான் ராசி."

சொல்லிவிட்டுக் கிடைக்குள் போய்ப் படுத்திருந்த உருப்படிகளைக் கம்பால் தொட்டுத் தொட்டு எண்ண ஆரம்பித்தார்.

*அடுத்த வாரம்: பரிபாடலின் 'ஏறு', பாபிலோனின் வானக் காளை, அலங்காநல்லூர் வாடிவாசல். ரிஷபம் வருகிறது.*